மார்கழி இரவும் மர்ம நாவலும்

ஆண்டு முடிவு கணக்கு முடிக்கும் காலம். வணிகர் பேரேட்டைப் புரட்டி வரவு செலவை ஒப்புநோக்குகின்றனர். கந்தோர்களில் எஞ்சிய கோவைகள் தூசு தட்டப்படுகின்றன. மாணவர் தேர்ச்சி அறிக்கையுடன் வீடு திரும்புகின்றனர். சிலர் விரைவாகவும் சிலர் மிக மெதுவாகவும். இவர்களைப் போலவே மார்கழி மாதத்திற் கணக்குப் பார்க்கும் இன்னொருவரும் உண்டு. அவர் மர்ம நாவற் பிரியர். கழிந்த பன்னிரண்டு மாதங்களில் வாசித்த நூல்கள் எத்தனை, ஆவலுடன் வாங்கியும் விரித்துப் பாராது கிடப்பவை எத்தனை, வரும் ஆண்டில் எந்த ஆசிரியரை முதல் நூலிலிருந்து தொடங்குவது என்பனவற்றையெல்லாம் அவர் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்கின்றார். எழுதி முடித்த பின்னர் விளக்கை அருகே நகர்த்தி, பண்டிகைக் காலத்திற்கெனவே ஒதுக்கி வைத்திருந்த கொலைக் கதையொன்றைக் கையில் எடுக்கின்றார்.

இஃது எங்கோ ஓரிருவரிடம் காணப்படும் விநோதப் பழக்கம் என்று நேயர்கள் எண்ணுதல் வேண்டா. இங்கிலாந்திலே நூறாண்டுக்கு மேலாகவும், ஐஸ்லாந்திலும் யப்பானிலும் சில பத்தாண்டுகளாகவும், ஆண்டு முடிவும் துப்பறியும் நாவலும் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன. பதிப்பாளர் நூல் வெளியிடும் நாளையே அதற்கேற்ப வகுத்துக்கொள்கின்றனர். சமாதானமும் நல்லெண்ணமும் பேசப்படும் நத்தார்க் காலத்தில், இரத்தம் படிந்த கம்பளத்தையும் நஞ்சு கலந்த கிண்ணத்தையும் பற்றி வாசிப்பதில் மக்களுக்கு என்ன இன்பம்? நல்லவர்கள் பலர் இதில் ஈடுபட்டிருத்தலின், இக்கேள்வியை எள்ளி ஒதுக்கிவிட முடியாது.

முதற் காரணம் இருட்டு. மார்கழி மாதத்தின் பிற்பகுதியில் இலண்டன் நகரிலே பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே ஞாயிறு மறைந்துவிடுகின்றது. மின்சாரமும் வானொலியும் இல்லாத காலத்தில், அந்நீண்ட இரவை அடுப்பங்கரையிற் கழிக்க வேண்டியிருந்தது. அங்கு சொல்லப்பட்டவை பெரும்பாலும் பேய்க் கதைகள். 1843 ஆம் ஆண்டில் சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய 'கிறிஸ்மஸ் கரோல்' என்னும் கதையும் ஆவிகள் உலாவும் கதையே. பின்னர் அவர் தாம் நடத்திய வார இதழ்களுக்கு ஆண்டுதோறும் நத்தார்ச் சிறப்பிதழ் வெளியிட்டார். தமிழ்ச் சஞ்சிகைகள் வெளியிடும் தீபாவளி மலரை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. புகையிரதப் பாதையிலே கைகாட்டி காக்கும் ஒருவனைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற பேய்க் கதை, 1866 ஆம் ஆண்டின் அத்தகைய சிறப்பிதழிலேயே வெளிவந்தது. அடுத்த இரண்டாண்டுக்குள், 1868 இல், அதே வார இதழில் அவருடைய நண்பர் வில்கி கொலின்சின் 'மூன்ஸ்டோன்' தொடர்கதையாக வந்தது. ஆங்கிலத் துப்பறியும் நாவலின் முன்னோடி என்று பலரும் கொண்டாடும் நூல் அது.

பேய்க் கதையும் துப்பறியும் கதையும் இவ்வாறு ஒரே முற்றத்தில் வளர்ந்தவை. ஆயினும் இரண்டுக்கும் இடையில் ஒரு பெரு வேறுபாடு உண்டு. பேய்க் கதை கேட்டவன் அச்சத்தோடு படுக்கைக்குச் செல்கின்றான். அந்த அச்சத்திற்கு விடை கிடையாது. துப்பறியும் கதையோ அச்சத்தை எழுப்பிப் பின் அதற்குரிய கணக்கை ஒப்புவிக்கின்றது. யார், எப்போது, எவ்வாறு, ஏன் என்ற நான்கு கேள்விகளுக்கும் இறுதி அத்தியாயத்தில் விடை எழுதப்பட்டுவிடுகிறது. உலகியலில் எந்த ஆண்டும் அத்துணைத் துப்புரவாக முடிவதில்லை. முடியாத வழக்கு, தீராத கடன், எழுதாத கடிதம் என ஏதேனும் ஒன்று அடுத்த ஆண்டுக்குச் சென்றுகொண்டே இருக்கும். ஆண்டு முடிவில் மனிதன் மர்ம நாவலை நாடுவதற்கு இருட்டைவிட இதுவே ஆழமான காரணம் எனலாம்.

நத்தாருக்கு உரிய துப்பறியும் கதைகளில் மூத்தது, அளவிற் சிறியது, இனியதும் ஆனது சேர் ஆர்தர் கொனன் டொயில் எழுதிய நீலக்கல் பற்றிய கதை. அது 'ஸ்ட்ராண்ட்' சஞ்சிகையில் 1892 ஆம் ஆண்டு சனவரி இதழில் வெளிவந்தது. நத்தாருக்கு இரண்டாம் நாட் காலையில் வொட்சன் தம் நண்பர் சேர்லொக் ஹோம்சைக் காணச் செல்கின்றார். ஹோம்ஸ் பழைய தொப்பியொன்றை ஆராய்ந்துகொண்டிருக்கிறார். தெருச் சண்டையொன்றில் யாரோ கைவிட்டுச் சென்ற தொப்பியும் கொழுத்த வாத்தும் அவரிடம் வந்து சேர்ந்துள்ளன. வாத்தைச் சமைக்க அறுத்தபோது அதன் இரைப்பையில் விலைமதிப்பற்ற நீலக்கல் அகப்படுகின்றது. வாத்துக்கு அத்தகைய பை உண்டா என்று பின்வந்த வாசகர்கள் பெரிதும் வழக்காடினர். பறவை நூல் வல்லார் ஆசிரியருக்கு எதிராகவே சாட்சி கூறினர். அதனால் கதையின் சுவை குன்றியதாகத் தெரியவில்லை. இக்கதையில் கொலை இல்லை. களவு மட்டுமே உண்டு. இறுதியில் ஹோம்ஸ் கள்வனைப் பொலிசாரிடம் ஒப்படையாது விடுகின்றார். சிறைக்கு அனுப்பினால் இவன் வாழ்நாள் முழுவதும் சிறைப்பறவை ஆகிவிடுவான் என்பதும், இது மன்னிப்புக்குரிய பருவம் என்பதும் அவர் கருத்து. சட்டம் அறிந்தோர் இதனை ஒப்புவாரோ என்பது வேறு விடயம்.

பண்டிகையையும் கொலையையும் பெருவணிகமாக இணைத்தவர் அகதா கிறிஸ்டி அம்மையார். ஆண்டுதோறும் அவருடைய புதிய நூலொன்று நத்தார்ப் பரிசாக வரும் என்பதைப் பதிப்பாளர் ஒரு விளம்பர வாசகமாகவே ஆக்கிக்கொண்டனர். இல்லத் தலைவிக்குக் கையுறை, தலைவருக்குப் புகையிலை, வீட்டார் எல்லோருக்கும் ஒரு கிறிஸ்டி நாவல் என்ற அளவிற்கு அது பரவிற்று. 1938 ஆம் ஆண்டு மார்கழியில் வந்த நூலுக்கு 'ஹேர்கியூல் புவாரோவின் நத்தார்' என்றே பெயர். கொடுமனம் படைத்த செல்வக் கிழவர் ஒருவர், நெடுங்காலம் பிரிந்திருந்த மக்களையெல்லாம் பண்டிகைக்கு ஒன்றுகூட்டுகின்றார். நத்தாருக்கு முதல்நாள் பூட்டிய அறைக்குள் கழுத்தறுபட்டுக் கிடக்கின்றார். நூலின் முகப்பில் ஆசிரியை தம் தமக்கையின் கணவருக்கு ஓர் உரை எழுதியுள்ளார். தம் கொலைகள் வரவர நாகரிகம் மிகுந்து இரத்தமற்றுப் போகின்றன என்று அவர் குறைப்பட்டாராம். அவருக்காகவே இந்த இரத்தம் தோய்ந்த கொலையாம். அதே உறவினரின் மாளிகையில் இளமையிற் கழித்த நத்தார் விருந்துகளையே அம்மையார் 1960 ஆம் ஆண்டில் வெளியிட்ட கதைத் தொகுதியொன்றின் முன்னுரையில் அன்புடன் நினைவுகூர்கின்றார். இரண்டு முன்னுரைகளையும் அடுத்தடுத்து வாசித்தால், கொலைக் கதையை எழுதியவர் குடும்ப விருந்தை எவ்வளவு நேசித்தார் என்பது விளங்கும். பிரிந்தவர் கூடும் நாளே பழம் பகை எழும் நாளும் ஆகும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த எவருக்கும் இது புதுமையன்று.

இக்கதைகளில் உறைபனி ஒரு பாத்திரமாகவே வந்து போகின்றது. பனி பெய்தால் பாதைகள் அடைபடும். தொலைபேசிக் கம்பி அறுந்துவிடும். பொலிசார் வந்து சேரார். வீட்டினுள் இருப்போரில் ஒருவரே கொலையாளி ஆதல் வேண்டும். வெளியே யாரேனும் நடந்திருந்தால் அடிச்சுவடு காட்டிக்கொடுத்துவிடும். துப்பறியும் கதை ஆசிரியருக்கும் வாசகருக்கும் இடையே நிகழும் ஒரு நேர்மையான ஆட்டம் என்ற கொள்கை, 1920 களில் இங்கிலாந்தில் உறுதிப்பட்டது. கத்தோலிக்கக் குருவான ரொனால்ட் நொக்ஸ் 1929 இல் இதற்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிவோன் கண்ட தடயம் வாசகனுக்கும் காட்டப்பட வேண்டும். தற்செயலும் தெய்வ உதவியும் விடை காணப் பயன்படலாகா. அடுத்த ஆண்டில் எழுத்தாளர் பலர் கூடித் துப்பறியுங் கழகம் ஒன்றை நிறுவினர், ஜி. கே. செஸ்டர்டன் அதன் முதல் தலைவர். எல்லை வகுக்கப்பட்ட ஆடுகளம் இத்தகைய ஆட்டத்திற்கு இன்றியமையாதது. பனி அந்த எல்லையைச் செலவின்றி அமைத்துக் கொடுத்தது.

1937 ஆம் ஆண்டில் ஜெபர்சன் பார்ஜன் எழுதிய 'மிஸ்டரி இன் வைட்' என்னும் நூலில், நத்தாருக்கு முதல்நாள் புகையிரதமொன்று பனியில் அகப்பட்டு நின்றுவிடுகின்றது. பயணிகள் சிலர் இறங்கி நடந்து ஒரு வீட்டை அடைகின்றனர். கதவு பூட்டப்படவில்லை. அடுப்பு எரிகின்றது, தேநீர் மேசை விரித்து வைக்கப்பட்டிருக்கின்றது, வீட்டிலோ ஒருவரும் இல்லை. 1955 இல் ஆசிரியர் மறைந்தார், நூலும் மறக்கப்பட்டது. 2014 ஆம் ஆண்டில் பிரித்தானிய நூலகம் தன் பழைய துப்பறியும் நூல் வரிசையில் அதனை மீண்டும் அச்சிட்டபோது, பல்லாயிரம் பிரதிகள் அந்த ஒரு பண்டிகைக் காலத்திலேயே விற்பனையாயின. எழுபத்தேழு ஆண்டு பழமையான கதை புதிய நூல்களை முந்திச் சென்றது. அதன் பின்னர் மறந்துபோன நத்தார் மர்மக் கதைகளைத் தேடி எடுத்து அச்சிடுதல் இங்கிலாந்தில் ஆண்டுதோறும் நிகழும் முயற்சியாயிற்று. அவற்றுட் சில மறதியிலேயே விடப்பட்டிருக்கலாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வானொலிக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. மேரி இராணியாரின் எண்பதாவது பிறந்த தினத்திற்காக, அவர் விருப்பத்திற்கிணங்க, அகதா கிறிஸ்டி அரைமணி நேர வானொலி நாடகமொன்றை எழுதினார். 1947 ஆம் ஆண்டு மே மாதத்தில் பீ.பீ.சி. அதனை ஒலிபரப்பியது. பனியால் துண்டிக்கப்பட்ட விடுதியில் அகப்பட்டவர்களைப் பற்றிய அச்சிறு நாடகமே விரிவடைந்து, 'மௌஸ்ட்ராப்' என்ற பெயருடன் 1952 நவம்பரில் இலண்டன் மேடையேறிற்று. பெருந்தொற்று நோயால் 2020 இல் அரங்குகள் மூடப்படும் வரை அது இடைவிடாது ஆடப்பட்டது. 2021 இல் மீண்டும் தொடங்கிற்று. கொலையாளி யார் என்பதை வெளியே சொல்லாதீர்கள் என்று நாடக முடிவில் அவையோரை வேண்டிக்கொள்ளும் மரபு அங்குண்டு. சிரில் ஹெயர் என்ற புனைபெயர் கொண்ட நீதிபதி 1951 இல் எழுதிய 'ஆன் இங்லிஷ் மேடர்' என்னும் நாவலும் வானொலி நாடகமாகவே பிறந்தது. பனி சூழ்ந்த பிரபுவின் மாளிகை, நத்தார் விருந்து, அடுத்தடுத்த மரணங்கள் என எல்லாம் வழக்கமானவையே. ஆனால் புதிரை அவிழ்ப்பவர் பொலிசு அதிகாரி அல்லர்; நாசிகளின் வதை முகாமிலிருந்து உயிர் தப்பி வந்து, மாளிகையிலுள்ள பழைய ஏடுகளை ஆராயும் வரலாற்றாசிரியர் ஒருவர். ஆங்கிலேயர் தம் நாட்டில் அன்றாடம் கண்டும் கவனியாத ஒன்றை அந்த அந்நியர் கவனிக்கின்றார். வரலாறு படித்தவர்கள் இந்நூலைத் தவறவிடலாகாது.

ஐஸ்லாந்து மக்கள் ஆண்டிறுதியை 'நத்தார்ப் புத்தக வெள்ளம்' என்றே அழைக்கின்றனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிற பொருள்களின் இறக்குமதி மிகவும் கட்டுப்படுத்தப்பட்டது. கடதாசிக்கு அத்துணைக் கட்டுப்பாடு இருக்கவில்லை. ஆகவே நூலே பரிசாயிற்று. 1944 ஆம் ஆண்டு தொடக்கம் பதிப்பாளரின் நூற்பட்டியலொன்று வெளிவரலாயிற்று; நெடுங்காலம் அது வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டது. மார்கழி 24 ஆம் நாள் இரவில் பரிசுகளைப் பிரித்து, கிடைத்த நூலோடு படுக்கைக்குச் செல்வது அந்நாட்டு வழக்கம். குற்ற நாவலாசிரியர் ஆர்னல்தூர் இந்திரிதாசோனின் புதிய நூல் நவம்பர் முதலாந் தேதியில் வெளிவருவதும் ஏறக்குறைய ஒரு வழக்கமே ஆகிவிட்டது. அவருடைய நாவல்களை ஆராய்ந்து முதுமாணிப் பட்டம் பெற்ற கத்ரின் யாக்கொப்ஸ்தோத்திர் என்னும் பெண்மணி பின்னர் நாட்டின் பிரதமரானார். அகதா கிறிஸ்டியின் பதினான்கு நாவல்களை இளமையிலேயே மொழிபெயர்த்தவரான ராக்னர் யோனாசோனுடன் சேர்ந்து, பிரதமராக இருக்கும்போதே, 2022 இல் ஒரு துப்பறியும் நாவலையும் அவர் வெளியிட்டார். அரசியற் பணிக்கிடையே கொலைக் கதை எழுத நேரம் கிடைத்ததா என்று அந்நாட்டவர் பெரிதாக வியக்கவில்லை.

நோர்வேக்காரர் இதில் ஒரு விதிவிலக்கு. அவர்களுக்குக் கொலைக் கதைக்குரிய காலம் உயிர்ப்பு ஞாயிற்று விடுமுறை. 1923 ஆம் ஆண்டில், பேர்கன் நகரப் புகையிரதம் கொள்ளையிடப்பட்டது என்ற ஒரு நாவலின் தலைப்பைப் பதிப்பாளர் பத்திரிகையின் முதற் பக்கத்தில் செய்தி போலவே விளம்பரப்படுத்தினார். பயணிகளின் உறவினர் உண்மையென்றே நம்பிக் கலங்கினர். வழக்கம் அன்று தொடங்கி நிலைத்துவிட்டது.

யப்பானில் ஆண்டு முடிவு தரவரிசைக் காலம். 'ஷூகான் பூன்ஷூன்' என்ற வார இதழ் 1977 முதல் ஆண்டின் சிறந்த பத்து மர்ம நாவல்களைத் தெரிந்து வெளியிடுகின்றது. 1988 இல் தொடங்கிய இன்னோர் ஆண்டு நூலின் பெயரே 'இந்த மர்மக் கதை அபாரம்' என்று பொருள்படும். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளிற் பெற்றோர் திரள்வது போல வாசகரும் நூல் விற்பனையாளரும் அப்பட்டியல்களை எதிர்பார்த்திருப்பர். இவ்வாண்டுப் பட்டியல்களின் உயர்வு தாழ்வு ஈராண்டில் மறைந்துவிடுகின்றது. ஆனால் 1985 இலும் 2012 இலும் எல்லாக் காலத்துக்கும் உரிய சிறந்த நூறு நூல்கள் தெரியப்பட்டபோது, இரு முறையும் உள்நாட்டு நூல்களில் முதலிடம் பெற்றது ஒரே நாவல். போர் முடிந்த உடனே, 1947 இல், செய்ஷி யொகொமிஸோ தொடர்கதையாக எழுதத் தொடங்கிய கொகுமோன் தீவுக் கதை அது. அதனை வாசித்தவர்கள் மீண்டும் மீண்டும் வாசித்தார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை.

மர்ம நாவற் பிரியரின் ஆண்டுக் கணக்கிலே தொக்கி நிற்கும் உண்மையான வினாவும் இதுவே. முடிவு தெரிந்த துப்பறியும் கதையை மறுமுறை வாசித்தல் இயலுமா? இயலாதெனின், எத்தனை நூல் வாசித்தாலும் அது தீக்குச்சி உரசி எறிவது போன்றதே. கவிஞர் ஓடன் 1948 இல் எழுதிய கட்டுரையில் தம்மை இதற்கு அடிமையென ஒப்புக்கொண்டார். புகையிலை, மது ஆகியவற்றின் மேலுள்ள வேட்கை போன்றது இது, வேலை இருக்கும்போது ஒரு துப்பறியும் நூலைக் கையிலெடுக்கலாகாது, எடுத்தால் முடிக்காமல் வைக்க முடியாது, முடித்ததும் மறந்துவிடும், மீண்டும் வாசிக்க விருப்பம் எழாது என்றார். அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1945 இல் இன்னும் கடுமையாகப் பேசினார். ரொஜர் அக்ரொயிட்டைக் கொன்றவர் யாராயிருந்தால் எவருக்கென்ன என்று பொருள்படும் தலைப்பிட்டே அவர் கட்டுரை எழுதினார். மறுபுறத்தில், நூற்றாண்டின் பெருந் தத்துவ ஞானியருள் ஒருவரான விட்கென்ஸ்டைன், அமெரிக்காவிலிருந்து மாணாக்கர் நோர்மன் மல்கம் அனுப்பிய மலிவுத் துப்பறியும் சஞ்சிகைகளுக்காகக் காத்திருந்தார். தமக்குப் பிடித்த ஒரு நாவலைத் தேடிப் பெற்று மீண்டும் வாசித்து, அதன் ஆசிரியருக்கு நன்றி தெரிவிக்க விரும்பினார். தத்துவம் அதனாற் கெட்டதாக எவரும் கூறவில்லை.

வில்சன் ஏளனம் செய்த 1926 ஆம் ஆண்டின் அக்ரொயிட் கதையே அவருக்கு நல்ல மறுமொழி. அதன் இரகசியத்தை இங்கு வெளியிடுவது முறையன்று. முதன்முறை வாசிப்பவர் ஏமாறுகின்றார். சிலர் சினந்து நூலை எறிகின்றனர். இரண்டாம் முறை வாசிப்பவரோ, ஆசிரியை ஓரிடத்திலும் பொய் சொல்லவில்லை என்பதைக் காண்கின்றார். சொல்ல வேண்டியவை எல்லாம் கண்முன்னே வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருந்தன. பார்க்கத் தவறியது வாசகரின் கண். முதல் வாசிப்பு கொலையாளியைத் தேடுகின்றது. இரண்டாவது, தன் கவனம் தளர்ந்த இடங்களைத் தேடுகின்றது. பாடம் படித்துக் கொடுப்பவர்களுக்கு இவ்விரண்டாம் வாசிப்பின் அருமை நன்கு தெரியும்.

ஆண்டு முடிவிற் திரும்ப வாசித்தற்கு உரிய ஒரு நூலைச் சுட்டச் சொன்னால், டொரதி சேயர்ஸ் 1934 இல் வெளியிட்ட 'நைன் டெய்லர்ஸ்' என்னும் நாவலையே சுட்ட வேண்டும். ஆண் ஒருவர் இறந்ததை அறிவிக்க ஆலய மணியை ஒன்பது முறை ஒலிக்கும் ஆங்கிலக் கிராம வழக்கையொட்டி வந்த பெயர் அது. கதை தொடங்குவதே ஆண்டின் இறுதி நாள் மாலையில். கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலத்திலே பனிமழையில் பீட்டர் விம்சி பிரபுவின் மோட்டார் வண்டி பள்ளத்தில் இறங்கிவிடுகின்றது. அருகிலுள்ள கிராமத்துக் குருவானவர் அவருக்குப் புகலிடம் அளிக்கின்றார். அன்று நள்ளிரவு தொடங்கி ஒன்பது மணி நேரம், ஆலயத்தின் எட்டு மணிகளையும் 15,840 வரிசை மாற்றங்களில் ஒலித்துப் புத்தாண்டை வரவேற்கக் குருவானவர் ஏற்பாடு செய்துள்ளார். மணியடிப்போருள் ஒருவர் காய்ச்சலில் விழுந்துவிடவே, விருந்தினராக வந்த பிரபு கயிற்றைப் பற்றுகின்றார். இரவு முழுவதும் மணிகள் ஒலிக்கின்றன. மூன்று மாதங்களுக்குப் பின், உயிர்ப்புக் காலத்தில், பிறருக்குரிய கல்லறையில் அடையாளம் தெரியாத உடல் ஒன்று காணப்படுகின்றது.

சேயர்ஸ் அம்மையார் அந்நிலப்பகுதியிலேயே ஒரு குருவானவரின் மகளாக வளர்ந்தவர். ஆகவே மடையும் வாய்க்காலும், வெள்ள அச்சமும், ஆலயத்துக்காகக் கிராமத்தார் செய்யும் சிறு தொண்டுகளும் அவர் கையில் உயிருடன் எழுகின்றன. மணியடித்தலைப் பற்றிய பக்கங்கள் சலிப்பூட்டுகின்றன என்று கூறி வில்சன் அவற்றைத் தாண்டிச் சென்றார். தாண்டியவர் நூலையே தாண்டிவிட்டார். முடிவை அறிந்த பின்னர் முதல் அத்தியாயத்துக்குத் திரும்புபவருக்கு, புத்தாண்டு வரவேற்பின் அந்த மகிழ்ச்சியும் குருவானவரின் வெகுளித்தனமான உற்சாகமும் தாங்க முடியாதவையாகத் தோன்றும். ஒரு சொல்லும் மாறவில்லை, மணியோசை மாறிவிட்டது. குற்றம் என்பது தீயவர் மட்டுமே தீய நோக்குடன் செய்யும் ஒன்று என்ற எண்ணமும் அங்கே ஆட்டங்காண்கின்றது.

ஜோர்ஜ் சிமெனோன் எழுதிய மெக்ரேயின் நத்தார் பற்றிய குறுநாவலும் இவ்வகையினதே. 1951 இல் வெளிவந்தது. பரிஸ் நகரில் நத்தார்க் காலை. குழந்தைப் பேறில்லாத பொலிசு அதிகாரி மெக்ரேயும் மனைவியும் பேசுவதற்கு அதிகமின்றி வீட்டில் இருக்கின்றனர். எதிர்வீட்டுப் பெண்கள் இருவர் வருகின்றனர். கால் முறிந்து படுத்திருக்கும் சிறுமி ஒருத்தி, இரவில் நத்தார்த் தாத்தா வந்து பொம்மை தந்ததாகவும், தரைப் பலகையைப் பெயர்க்க முயன்றதாகவும் கூறுகின்றாளாம். மெக்ரே தம் வீட்டை விட்டு அதிக தூரம் செல்லாமலே உண்மையைக் கண்டறிகின்றார். ஆனால் வாசகர் நினைவில் நிற்பது, மனைவி அச்சிறுமியின் பெயரைச் சொல்லும் விதமும், பண்டிகை நாளில் வெறுமையாயிருக்கும் வீட்டின் அமைதியுமே. விழா நாளில் தனித்திருப்போர் எந்நாட்டிலும் உண்டு.

இனி வரும் ஆண்டுக்கான திட்டம். நூறு நூல் வாசிப்பேன் என்று சங்கற்பம் செய்துகொள்ளும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. எண்ணிக்கையை முன்வைத்து வாசிப்பவர் மெலிந்த நூல்களையே தேர்ந்தெடுப்பார். அது மனித இயல்பு. அதைவிட ஓர் ஆசிரியரை ஒழுங்காகப் பின்பற்றுவது நலம். சுவீடன் நாட்டு எழுத்தாளர் மாய் ஷெவாலும் பேர் வாலேயும் 1965 முதல் 1975 வரை பத்து நாவல்களை எழுதினர். பத்தும் சேர்ந்து ஒரே பெருங்கதை என்ற நோக்குடன், தம் நாட்டுச் சமுதாயத்தை ஆராயவே பொலிசு நாவலைக் கருவியாகக் கொண்டனர். மாதம் ஒன்றாக வாசித்தால் ஆண்டு முடிவதற்கு முன்பே நிறைவெய்தலாம். பிந்திய மாதங்களுக்கு அவகாசமும் உண்டு. மெக்ரே நாவல்கள் எழுபத்தைந்து. 2013 இல் தொடங்கிய புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு வரிசையிலே அவை மாதம் ஒன்றாக வந்து 2020 சனவரியில் முடிந்தன. அவ்வரிசையைப் பின்தொடர்ந்தவர்கள் ஆறாண்டுக்கு மேல் திட்டம் எதுவும் வகுக்க வேண்டியிருக்கவில்லை. தமிழ் வாசகர் இவற்றிடையே ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் நாவலொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலக் கதைகளைத் தழுவி அவர்கள் எழுதியவற்றை, மூலக் கதைகளுக்கு அருகில் வைத்து வாசிக்கும்போதே அவர்கள் எவற்றை மாற்றினர், ஏன் மாற்றினர் என்பது தெரியவரும்.

பட்டியலிற் பாதியை மறுவாசிப்புக்கு ஒதுக்குதல் நன்று. மனத்துக்கு இனிய ஆசிரியரின் ஒரு நூலை வேண்டுமென்றே வாசியாது சேமித்து வைப்போரும் உளர். அதற்கு முன்மாதிரி காட்டியவரும் அகதா கிறிஸ்டி அம்மையாரே. உலகப் போரிலே குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில், தாம் இறந்தாலும் குடும்பத்தாருக்கு உதவட்டும் என்று புவாரோவின் இறுதிக் கதையாகிய 'கேர்ட்டின்' என்னும் நாவலை எழுதிப் பூட்டி வைத்தார். அது 1975 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 6 ஆம் நாள் 'நியூ யோர்க் டைம்ஸ்' பத்திரிகை, கற்பனை மாந்தரான புவாரோ மறைந்த செய்தியை முதற் பக்கத்தில் வெளியிட்டது. அடுத்த சனவரியில் அம்மையாரும் மறைந்தார். அந்நூலை வரும் ஆண்டில் முதன்முறையாக வாசிக்க எண்ணுபவர், 1920 இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலை முதலில் வாசித்துவிடுதல் வேண்டும். இரண்டும் நிகழ்வது ஸ்டைல்ஸ் என்னும் ஒரே வீட்டில். புவாரோவும் அவர் நண்பர் ஹேஸ்டிங்சும் முதுமையில் அதே வீட்டுக்குத்தான் திரும்பி வருகின்றனர்.